நிழற்குடையில் எண்ணியவர்

போக்குவரத்து அலுவலகத்தில் டீ கொடுக்கும் மரகதவல்லிக்கு வீட்டில் பேச ஆளில்லை. காலையில் பதினாலாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர், "ஏறியாச்சா அக்கா?" என்று கேட்பதுதான் அவள் காதில் விழும் முதல் குரல்.

அந்த பஸ்ஸையே ரத்து செய்யச் சொல்லித்தான் அன்று மேலாளரிடம் வந்திருந்தார், பஸ் தடங்களைக் குறை சொல்வதில் பேர்போன நிபுணர் சிதம்பரநாதன்.

"முதல் நிறுத்தம் ஓடைமேடு. அங்கே நிழற்குடையில மூணு நாள் நானே உட்கார்ந்து எண்ணினேன். ஒருத்தர்கூட ஏறலை. காலி பஸ்ஸுக்கு எதுக்கு டீசல்?"

மேலாளர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

டம்ளரை வைத்தபடியே மரகதவல்லி சொன்னாள்: "நான் தினம் அங்கேதான் ஏறுறேன் சார்."

நிபுணர் சிரித்தார். "இது நாப்பது பக்க அறிக்கைம்மா. டீ டம்ளரை வச்சுக்கிட்டு இதைப் பொய்யாக்கிடுவியா?"

"பொய்னு சொல்லலை சார். அந்த மூணு நாளும் பஸ் உங்க முன்னாடி நின்னுச்சா?"

"எங்கே நின்னான்? நிக்காமலே போனான். அதையும் புகாரா எழுதியிருக்கேன்."

"அங்கே சாக்கடை உடைஞ்சு ரெண்டு வருஷமாச்சு சார். பஸ் வளைவு திரும்பி, கரும்புச்சாறு கடைகிட்டதான் நிக்கும். முப்பது பேர் அங்கேதான் ஏறுவோம். ஒரு நாள் அந்த பஸ்ல வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்க தனியா உட்கார்ந்திருந்ததை நடந்து வரும்போது பார்த்தேன். பாவம், யாருக்கோ காத்திருக்கீங்கன்னு நினைச்சுட்டேன்."

மேலாளர் பேனாவை மூடினார். "நீங்க ஓடைமேட்டுக்கு எதுல சார் போனீங்க?"

"கார்ல," என்றார் நிபுணர், மெதுவாக.

மறுநாள் காலை பஸ் வந்தது. "ஏறியாச்சா அக்கா?"

"ஏறிட்டேன் தம்பி. நேத்திலேருந்து ஒரு கதை வச்சிருக்கேன், சொல்ல ஆளில்லாம."