ஐயாவுக்குத் தெரிந்த கட்டளை

பாளையங்கோட்டையில் ஒரு குரு இருந்தார். பெயர் செந்தாமரை, வயது முப்பத்தொன்று. நாய்களைப் பழக்குவது தொழில். அவருடைய சீடருக்கு வயது அறுபத்து மூன்று. பெயர் தேவசகாயம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். எட்டாம் வகுப்பில் லேட்டாக வந்ததற்காக இதே செந்தாமரையை மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டவரும் அவரேதான். யாரை எப்போது யாருக்கு முன்னால் கைகட்டி நிற்க வைக்கும் இந்தக் காலம் என்று யார் கண்டது.

போன வருடம் வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடது கையில் ஊன்றுகோல். நாக்கும் குழறிவிட்டது. எண்ணூறு பிள்ளைகளை ஒரே சத்தத்தில் வரிசையில் நிறுத்திய குரல் அது. இப்போது கடையில் போய் உப்பு கேட்டால், கடைக்காரர் மூன்று தடவை "என்னது சார்?" என்கிறார். வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. வெளியே யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டார். இந்தக் கதையில் அவர் பேசுவதை எல்லாம் நான் திருத்தித்தான் எழுதுகிறேன்.

அப்படி இருந்தவர் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் போட்டது. கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்தது, திரும்பிப் போகவில்லை. முதலில் டைகர் என்று பேர் வைத்தார். அந்தப் பேர் அவர் வாயில் வரவில்லை. நாக்கு அதிகம் புரள வேண்டாத பேராகத் தேடி, கடைசியில் 'ஐயா' என்று வைத்தார். கலெக்டர் வந்தபோதுகூட யாரையும் ஐயா என்று கூப்பிடாத மனுஷன், விடிந்ததும் வாசலில் நின்று "ஐயா, ஐயா" என்றார். தெருவே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருடம் கழித்து வந்த சிரிப்பு.

ஐயாவுக்கு நாலு மாதம். ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். ஆளைப் பார்த்தால் ஓடிவந்து நெஞ்சில் தாவும். மதுரையிலிருந்து வந்த மகள் கிரேஸ்லின் அதைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பிடித்துத் தப்பித்ததையும் பார்த்தாள்.

"விழுந்தீங்கன்னா இடுப்பு போயிரும்ப்பா. இதை என் கூட வேலை பாக்கிறவ தோட்டத்துல விட்டுருதேன்."

"ஒரு மாசம் குடு."

"ஒரு மாசம்தான். ஓடிவரும்போது உக்காருன்னா உக்காரணும். உக்காந்தா வச்சுக்கிடுங்க. இல்லன்னா கொண்டுபோயிருவேன்."

மறுநாளே வாத்தியார் ஐயாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் குருவிடம் போய் இறங்கினார். குரு பதறி எழுந்து நின்றார்.

"சார், நீங்களா?"

"உக்காரு பிள்ளை. இல்ல, உக்காருங்க. இனிமே நீங்கதான் டீச்சர்."

"லேட்டா வந்தா நாலு ரவுண்டு ஓடணும் சார். சம்மதமா?"

"ஒரு ரவுண்டுக்கே எனக்கு ஒரு நாளாகும்."

இருவரும் சிரித்தார்கள். என்ன ஏது என்று தெரியாமல் ஐயாவும் குரைத்தது.

பாடம் எளிது. உக்காரு என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் உடனே ஒரு துண்டு கோழி ஈரல். மற்றவர்கள் ஈரலை மூக்குக்கு மேலே காட்டிக் காட்டி உட்கார வைப்பார்கள். வாத்தியாருக்கு ஒரு கை கோலுக்கு, இன்னொரு கை தொங்குவதற்கு. மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். ஐயாவாகப் பார்த்து உட்காரும்போது, கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஈரலை எடுத்துப் போடுவார். பத்தாவது நாள், சொன்னதும் ஐயா பொத்தென்று உட்கார்ந்தது. வாத்தியார் அன்றைக்குக் கடைக்குப் போய் வாய் திறந்து உப்பு கேட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு சந்தேகத்தோடு வந்தார்.

"டீச்சர், காலையில பத்துக்குப் பத்து உக்காருது. சாயங்காலம் நான் ஓஞ்சு போயி நாற்காலியில உக்காந்து சொல்லுதேன். அப்ப என்னை வேடிக்கை பாக்கு. ஏன்?"

"நான் பாக்கணும் சார்."

குரு ஒரு நாள் காலையில் வந்து பார்த்தார். சாயங்காலமும் வந்து பார்த்தார். வைத்த முறுக்கைத் தின்றுகொண்டே தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"காரணம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"சொல்லுங்க."

"இப்ப சொன்னா அதையே நினைச்சு நினைச்சுக் கெடுத்துப்புடுவீங்க. பொண்ணு வார அன்னைக்குச் சொல்லுதேன்."

வாத்தியார் அதோடு விட்டாரா? சாயங்காலம் நாக்கு அதிகம் குழறுகிறது, அதுதான் குறை என்று தானே முடிவு கட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, உக்காரு, உக்காரு என்று நாளைக்கு இருநூறு தடவை சொன்னார். ஜன்னல் கம்பியைப் பிடித்து, கோல் இல்லாமல் நேராக நிற்கவும் பழகினார். குருவிடம் மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் வந்தாள், குருவும் வந்தார். வாத்தியார் வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, கேன்வாஸ் ஷூ. கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கேட் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் ஐயாவைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கையை விட்டாள்.

"உக்காரு."

ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. பழைய குரல். எதிர்வீட்டுப் பையன் ஒருவன் அவனறியாமல் படியில் உட்கார்ந்தேவிட்டான். ஐயா மட்டும் உட்காரவில்லை. ஓடிவந்த வேகத்தில் வெள்ளைச் சட்டையில் ரெண்டு காலையும் பதித்தது. வாத்தியார் கேட்டோடு சாய்ந்தார். மகள் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

"போதும்ப்பா. நான் கொண்டுபோறேன்."

வாத்தியார் குருவைப் பார்த்தார்.

"சுத்தமாத்தானே சொன்னேன், டீச்சர். ஏன் கேக்கல?"

குரு சுவரோரம் இருந்த கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மரம் வரைக்கும் நடந்துட்டு வாங்க சார்."

"எதுக்கு?"

"லேட்டாகுது. நடங்க."

வாத்தியார் வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. ஐயா பின்னாலேயே வந்து அவர் முன்னால் நின்றது. ஏதோ கேட்க நினைத்தார். பேசுவதற்கு முன்னால் எப்போதும் செய்கிறபடி, இடது பக்கமாகக் கோலில் சாய்ந்து, மோவாயைத் தூக்கி, மூச்சை இழுத்தார்.

ஐயா பொத்தென்று உட்கார்ந்தது.

"நான் இன்னும் வாயே திறக்கலையே," என்றார் வாத்தியார்.

"திறக்க வேண்டாம். இன்னொரு தடவை."

நாலடி தள்ளிப் போய் மறுபடி சாய்ந்தார். எழுந்து வந்த ஐயா மறுபடி உட்கார்ந்தது. ஈரல் எங்கே என்று அண்ணாந்து பார்த்தது. வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது, துடைக்கவும் தோன்றாமல் சிரித்தார்.

"ஐயா, உக்காரு," என்று மகள் சொல்லிப் பார்த்தாள். அது தன் காலை நக்கியது. அவளும் இடது பக்கம் சாய்ந்து மோவாயைத் தூக்கிப் பார்த்தாள். ஐயா எழுந்து வாலை ஆட்டியது.

"உங்களுக்கு அந்தச் சாய்வு வராதும்மா. நாற்காலியில உக்காந்தா சாருக்கே வராது," என்றார் குரு. "இப்ப மரத்துக்கிட்ட இருந்து விடுங்க."

ஐயா காது பறக்க ஓடிவந்தது. வாத்தியார் சாய்ந்தார். பாய்ச்சலை நிறுத்த முடியாமல் மண்ணில் சறுக்கிக்கொண்டே வந்து, ஷூவுக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தது. மகள் மூன்று தடவை விட்டாள். மூன்று தடவையும் உட்கார்ந்தது. நாலாவது தடவை அவளே அதைத் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

"இருக்கட்டும்ப்பா. ஐயா உங்களோடயே இருக்கட்டும்."

சாயங்காலம் காபி குடித்துவிட்டுக் குரு புறப்பட்டார். வாத்தியார் கேட் வரை கூடவே வந்தார். முகத்தில் என்னவோ ஒரு யோசனை.

"டீச்சர், ஒரு விஷயம். இதே மாதிரி நின்னு பேசிப் பயிற்சி செஞ்சா, ஆறு மாசத்துல காலும் நாக்கும் சரியாயிரும்கார் டாக்டர். நேரா நிக்கலாமாம், கோலே வேண்டாமாம்."

"சரி சார்."

"அப்ப ஐயாவுக்கு என்ன செய்ய?"

குரு குனிந்து ஐயாவின் தலையைத் தடவினார்.

"சரியானா ஆகிட்டுப் போகுது. நீங்க மனசை விட்டுராதீங்க சார். கொஞ்ச நாளைக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம் அது பழகிக்கிடும்."