தவளைச் சுவடிக்கு நாலு முத்திரை

பூபதி ராஜாவின் ஊரில் சடகோபன் என்றொரு ஆய்வு மாணவன் இருந்தான். மாணவன் என்று பேர்தான், காதோரம் நரைத்துவிட்டது. அரண்மனைக் கிணற்றுத் தவளையின் குரலை ஆராயத் தொடங்கி ஒன்பது வருஷம். கிணற்றின் கட்டுமானத்துக்கு ஒரு பண்டிதர், தண்ணீரின் ரசாயனத்துக்கு ஒருவர், தவளையின் உடம்புக்கு ஒருவர், அது கத்துவது மொழிதானா என்று பார்க்க ஒருவர். ஆக, நாலு வழிகாட்டிகள்! ஒருவர் சேர்க்கச் சொன்னதை அடுத்தவர் அடிக்கச் சொல்வார்.

சுவடியைக் கட்டி, முடிச்சின்மேல் நாலு பேரும் அரக்கு முத்திரை வைத்தால்தான் முனைவர் பட்டம். பட்டம் வந்தால்தான் பெண் என்று, அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட கோதையின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் ராஜாவுக்குப் பொறுமை போயிற்று.

"நாளை உச்சிக்குள் நாலு முத்திரையும் விழணும். இல்லையென்றால் பட்டமும் கிடையாது, ஒன்றும் கிடையாது!"

சடகோபன் அரசவை விகடர் ஆதிமூலத்திடம் ஓடினான்.

"அண்ணே, என் கல்யாணமே போச்சு!"

"சுவடியைக் கொடு. காலையில் என் பின்னாலேயே வா. வாயை மட்டும் திறக்காதே" என்றார் ஆதிமூலம்.

மறுநாள் கட்டுமானப் பண்டிதர் வீட்டில் ஆதிமூலம் கட்டிய சுவடியை நீட்டினார்.

"இதற்கு முத்திரை வைக்கவே கூடாது என்று மற்ற மூவரும் குதிக்கிறார்கள், ஐயா. உங்கள் துறையைத் தலைமேல் தூக்கி வைத்திருக்கிறதாம்."

"அவர்கள் யார் சொல்ல? கொண்டா அரக்கை!"

டப்பென்று விழுந்தது முத்திரை. மற்ற மூன்று வீடுகளிலும் அதே பேச்சு, அதே டப்!

சபையில் ராஜா கேட்டார்: "சுவடி எப்படி?"

"மூன்றாம் இயல் அபாரம்" என்றார் ரசாயனப் பண்டிதர்.

"முடிவுரையைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன்" என்றார் மொழிப் பண்டிதர். மற்ற இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

"அவிழ்த்துப் பாருங்கள், அரசே" என்றார் ஆதிமூலம்.

ராஜா அவிழ்த்தார். அத்தனையும் வெற்றோலை! ஒரு எழுத்துகூட இல்லை. சடகோபன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஐயோ, இந்த மனுஷன் கழுத்தை அறுத்துவிட்டாரே!

"எங்கே ஐயா மூன்றாம் இயல்?" என்றார் ராஜா.

ஆதிமூலம் மேல்துண்டுக்குள்ளிருந்து இன்னொரு சுவடிக் கட்டை எடுத்தார்.

"இதுதான் பையன் ஒன்பது வருஷம் எழுதியது. வெற்றோலைக்கே விழுந்த முத்திரை இதற்கு விழாதா?"

நாலு பேரும் முண்டியடித்துக்கொண்டு முத்திரை வைத்தார்கள். சடகோபன் முனைவரானான், சந்தோஷத்தில் அழுதேவிட்டான். ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி ஆதிமூலத்துக்குப் போட்டார்.

"சரி, இந்த வெற்றோலையைத் தூக்கி எறியலாமா?"

"ஐயையோ, வேண்டாம் அரசே! ஆய்வு மண்டபத்தில் பத்திரமாக வையுங்கள். இந்த நாலு பேரும் முதன்முதலாக ஒருமனதாக ஒப்புக்கொண்ட ஆராய்ச்சி அதுதான்!"