கொட்டாவிக்கோட்டைக்கு நான் பேர் வெச்ச கதை

சனிக்கிழமை மத்தியானம் ஜெரால்டு வீட்டு மாடியில எங்க ஆட்டம். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு மாய உலகத்துல சுத்துற ஆட்டம். அந்த உலகத்தை உண்டாக்கிச் சொல்றவன் நான். மலை, ஆறு, சாமி, சாபம் எல்லாம் நம்ம கைங்கரியம். ஆனா ரெண்டு வாரமா எதையும் யோசிக்காமலே போய் உக்காந்தேன். "இன்னிக்கும் வெறுங்கையோட வந்தீன்னா கதை சொல்ற நாற்காலி எனக்கு"ன்னு ஜெரால்டு சொல்லிட்டான். இன்னிக்கும் வெறுங்கைதான். வாய் மட்டும் கூட வந்திருந்துச்சு.

"கதவைத் திறந்தாச்சு. எதிர்ல என்ன ஊரு?"ன்னா கூட ஆடுற ஷர்மிளா.

எங்க சட்டம் என்னன்னா, கேட்ட உடனே பேர் சொல்லணும். சொன்னது மேப்புல ஏறிரும். எனக்கு அந்த நேரம் பார்த்து கொட்டாவி வந்துச்சு. "கொட்டாவிக்கோட்டை"ன்னேன்.

"தூங்கிட்டு நேரா வர்றியா?"

"லேசா நினைக்காதே ஷர்மி. ஒரு அரக்கன் முந்நூறு வருஷமா ஒரே கொட்டாவி விட்டான். அவன் வாயை மூடுறதுக்குள்ள நாலு தலைமுறை உள்ள குடியேறி ரேஷன் கார்டே வாங்கிட்டாங்க. கடைவாய்ப் பல்லுதான் தாலுகா ஆபீஸ்."

"சரி, உள்ள போனா என்ன நடக்குது?"ன்னான் ஜெரால்டு.

அது தெரிஞ்சா நான் ஏன் பல்லைப் பத்திப் பேசப்போறேன்?

"அவசரப்படாதே. நான் பேர் வெச்சா நிஜமாவே ஊரு முளைக்கும், தெரியுமா? போன வருஷம் தலைகீழாறுன்னு ஒண்ணு சொன்னேனே, மறுநாளே காந்திபுரத்துல அந்த போர்டு போட்டு பஸ் நிக்குது! கண்டக்டர் முதல்ல என்னை இறக்கிவிட்டார், அப்புறம் டிக்கெட் குடுத்தார். அந்த ஊருக்கு அதான் முறை."

"நீ டிக்கெட் எடுத்தேங்கறதைத்தான் நம்ப முடியல."

"கேளுடா. அங்க ஆறு கடல்ல இருந்து மலைக்கு ஓடுது. மீனெல்லாம் மூச்சு வாங்க ஏறுது. பாதி வழியில ஒரு கெண்டை என்கிட்ட சோடா கேட்டுச்சு. பன்னீர் சோடாதான் இருந்துச்சு, வேண்டாம்னுருச்சு."

ஷர்மிளா பகடையைக் கீழ வெச்சுட்டா. நான் விடுவேனா?

"அதாவது பரவால்ல. நான் இட்டுக்கட்டின எட்டுக்கை சாமி வீட்டுக்கே வந்துட்டார். 'தம்பி, புராணத்துல எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சே, பொண்டாட்டி பேரைச் சொல்லாம விட்டுட்டே. ஆயிரம் வருஷமா இந்தாம்மான்னே கூப்பிடறேன்'னு ஒரே அழுகை. எட்டுக் கையாலயும் கண்ணைத் துடைக்கிறார். அங்கயே ஒரு பேர் வெச்சேன் பாரு, பூமியே சுத்தறதை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் கேட்டுச்சு!"

"என்ன பேரு?"ன்னா ஷர்மிளா.

மேப்பைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். "அது... வெளிய சொல்லக்கூடாது."

"ஜெரால்டு, நீயே உக்காரு"ன்னா.

நாலு வருஷமா உக்காந்த நாற்காலி. எந்திரிக்கும்போது நிஜமாவே மனசு கஷ்டமா இருந்துச்சு. ஜெரால்டு உக்காந்ததும் ஒரு நோட்டைப் பிரிச்சான். முப்பது பக்கம் எழுதி வெச்சிருக்கான், பாவி!

"இனிமே நீயும் ஆடறவன். உன் வீரனுக்கு ஒரு பேர் சொல்லு."

ஊரையே முளைக்க வெச்ச வாய். ஃபேனைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், தலையைச் சொறிஞ்சேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு.

"குமார்"னேன்.

ஜெரால்டு நோட்டுல எழுதிக்கிட்டான். "ஏற்கெனவே ரெண்டு குமார் இருக்காங்க. நீ மூணாவது."