சூசையின் தூக்கம்

சூசை சுண்ணாம்புக் காளவாயில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். முதலில் நுரையீரல் கெட்டது. பின்னாலேயே இதயமும் தளர்ந்தது.

ஆறு வாரத்துக்கு முன்னால் அவருடைய இதய மாத்திரையை நிறுத்தியது நசீர். நெஞ்சக நோய்ப் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் டாக்டர். அந்த மாத்திரை மூச்சுக்குழலை இறுக்கிவிடும் என்று பயந்துவிட்டான். இப்போது சூசை கால் இரண்டும் வீங்கித் திரும்ப வந்திருந்தார்.

தன் ஆசிரியை டாக்டர் தாட்சாயணியிடம் நசீர் எதையும் ஒளிக்கவில்லை.

"நான் நிறுத்தினதாலதான் மேடம். நுரையீரலப் பாத்தா இதயம் போகுது, இதயத்தப் பாத்தா நுரையீரல் போகுது. நான் எதப் பாக்குறது?"

தாட்சாயணி சூசையின் கட்டிலுக்கு நடந்தார். சூசை குனிந்து உட்கார்ந்திருந்தார். மனைவி ஞானப்பூ அவர் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"படுத்து எத்தன நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்கும்மா. படுத்தா மூச்சு அடைக்குது. உக்காந்தேதான் கண்ண மூடுறாரு. நான் புடிச்சுக்குவேன்."

"இந்தம்மா கொஞ்சம் படுக்கட்டும் நசீர். நீ புடிச்சுக்கோ."

நசீர் சாயங்காலம்வரை பிடித்திருந்தான். தோள் மரத்துப்போனது. முதுகில் பதிந்த அவன் உள்ளங்கைக்கு மூச்சிழுப்பும் நெஞ்சுத் துடிப்பும் ஒன்றாகவே வந்தன. எது எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை.

தாட்சாயணி வந்து கேஸ் ஷீட்டை நீட்டினார். அவனே எழுதினான். நீர் இறங்க ஊசி. மூச்சுக்கு உள்ளிழுக்கும் மருந்து. வீக்கம் வடிந்த பிறகு, அதே இதய மாத்திரை, ஆகக் குறைந்த அளவில். ஒவ்வொரு வேளையும் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டான். பயம் மட்டும் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், இரண்டு தலையணையை அடுக்கிவைத்துச் சூசை படுத்தார். அப்படியே தூங்கிப்போனார். கஞ்சி ஆறியும் ஞானப்பூ எழுப்பவில்லை.

அவள் துணி அலசப் போன நேரத்தில் நசீர் ஆசிரியையை அழைத்து வந்தான்.

"இனிப் பொழச்சுக்குவார்ல மேடம்?"

"இல்ல. ஒரு வருஷம். மிஞ்சினா ரெண்டு."

நசீரின் குரல் உயர்ந்தது. "அப்ப இத்தன மருந்தும் எதுக்கு மேடம்?"

தாட்சாயணி விலகிக் கிடந்த போர்வையைச் சூசையின் கால்மேல் இழுத்துவிட்டார்.

"மெதுவாப் பேசு. தூங்குறாரு."