கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரர்

"பட்டா என் பேர்ல. வரி கட்டுறது நான். என் மண்ணுல நான் கரை போடக் கூடாதுன்னு சொல்ல அவங்க யாரும்மா?"

வைரக்கண்ணு வந்ததும் வராததுமாகக் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கடல் தண்ணீர் ஏறி வற்றும் கழியோரத்து மடத்தில் இருந்த மங்களவல்லியம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் ஆறு வருஷமாக அம்மாதான் அவருக்குக் குரு. ஊரில் வேறு யார் சொல்லும் ஏறாத காது அது.

அம்மா உமரிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செருப்பு."

கழற்றினார்.

"இப்பச் சொல்லுங்க."

"கழியை ஒட்டி நாலு ஏக்கர். இறால் குட்டை வெட்டலாம்னு இருந்தேன். தண்ணி ஏறி இறங்குற இடமாம், மண் கொட்டக் கூடாதாம், கலெக்டர் ஆபீசுல ஆர்டர் போட்டுட்டாங்க. மூணு ஏக்கர் போச்சு. குட்டை இல்லேன்னா என் மகன் கப்பல் வேலைக்குப் போயிடுவான். ஒரே பிள்ளைம்மா. டெல்லி வரைக்கும் போவேன். விட மாட்டேன்."

"விடாதீங்க" என்றார் அம்மா.

வைரக்கண்ணுவுக்கு உச்சி குளிர்ந்தது. இடுப்பிலிருந்து நில அளவுப் படத்தை எடுத்து விரித்தார்.

"போன மாசம் அளந்து கல்லு நட்டது. சுத்தமான அளவு."

"வடக்கே யாரு?"

"காசாம்பு. நோட்டீசு கொடுத்து, அவரை நிக்க வச்சுத்தான் சங்கிலி பிடிச்சோம். பக்கத்து நிலத்துக்காரன் இல்லாம அளந்தா அது அளவாம்மா? திருட்டு!"

"தெற்கே?"

"ரோடு."

"மேற்கே?"

"அந்தச் சுப்புரத்தினம்."

சுப்புரத்தினம் அவருடைய பங்காளி. வைரக்கண்ணு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லைக் கல்லைப் பிடுங்கி இவர் நிலத்துக்குள் தள்ளி நட்டவன். ஒன்பது வருஷம் வழக்காடி அந்தக் கல்லை வைரக்கண்ணு திருப்பி நட வைத்தார். அந்தக் கதையை அவர் ஆரம்பித்தால் டீக்கடையில் பாதிப் பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவனோடு இன்றுவரை பேச்சு இல்லை.

"அவர் வந்தாரா?"

"வந்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு."

"கிழக்கே?"

"கிழக்கே யாரும்மா இருக்கா? கழிதான்."

"வந்துச்சா?"

வைரக்கண்ணு சிரித்துவிட்டார். "அது எப்படிம்மா வரும்? அன்னிக்குக் காலையில தண்ணி நல்லா வத்திக் கிடந்துச்சு. அப்படி ஒரு நாளாப் பார்த்துத்தானே சர்வேயரை நான்..."



அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"ஆஸ்பத்திரியில எத்தனை நாள் இருந்தீங்க?"

"பதினோரு நாள்."

"கழி எத்தனை நாள் போயிருந்துச்சு?"

வைரக்கண்ணு படத்தின் கிழக்குக் கோட்டில் விரலை வைத்தார். 

"மத்தியானமே திரும்பிடுச்சு."

அம்மா கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மடத்துக்குப் பின்னால் சாத்தியிருந்த கடப்பாரையை வைரக்கண்ணு எடுத்துக்கொண்டு நடந்தார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

சேற்றில் இறங்கிக் கிழக்கு எல்லைக் கல்லருகே நின்றார். தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. மகனின் முகம் வந்து நின்றது.  பல்லைக் கடித்துக்கொண்டு கல்லைப் பெயர்த்துத் தோளில் ஏற்றினார். தண்ணீரோடு தண்ணீராக மேற்கே நடந்தார்.

தண்ணீர் ஏறி வந்து நின்ற இடத்தில் கல்லை இறக்கிக் குழி தோண்டினார்.

வரப்பில் வந்த சுப்புரத்தினம் நின்றான்.

"என்னண்ணே இது? கல்லை உள்ளே தள்ளி நடுறீங்க?"

பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு வைரக்கண்ணு அவனிடம் வாய் திறந்தார்.

"சத்தம் போடாம நில்லுடா. பக்கத்து நிலத்துக்காரர் வந்திருக்காரு."