இரண்டு பொன்னாடைகள்

மோதல் தடுப்பைப் பற்றி ஐந்து வருஷம் ஆராய்ந்த ஜெசிந்தாவுக்கு அன்று வைவா, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அம்பலவாணன் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார்.

"ஏம்மா, நடக்காத சண்டையை நாமதான் தடுத்தோம்னு எப்படி நிரூபிப்பே? ஒண்ணே ஒண்ணு இங்கேயே காட்டு. இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது."

ஜெசிந்தா அவரையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவரையும் பார்த்தாள்; இருவர் தோளிலும் பொன்னாடை.

"காட்டறேன் சார். போன வருஷக் கருத்தரங்குல எங்க துறைத்தலைவர் தேவசகாயம் சாருக்கு முதல்ல பொன்னாடை போட்டாங்கன்னு நீங்க எழுந்து போனீங்க. அதுக்கு முந்தின வருஷம் உங்களுக்கு முதல்ல போட்டாங்கன்னு அவர் போனார். இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே தட்டுல மிக்சர் சாப்பிடறீங்க."

"அதனால?"

"இன்னிக்குக் காலையில போடறதுக்கு ரெண்டு பேரை நிறுத்தி, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பொன்னாடை போட வெச்சது நான்தான். சந்தேகம்னா கழட்டிக் கொடுங்க சார், இப்பவே ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்துடலாம்."

அம்பலவாணன் பொன்னாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்து தேவசகாயம் குலுங்கிச் சிரிக்க, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ, வேண்டாம்மா!" என்று பேனாவைத் திறந்தார். "உட்காருங்க, டாக்டர் ஜெசிந்தா."