கம்பளிப்பட்டியார் மணல் ஈ பிடித்த கதை

வெயிலும் அதிகம் இல்லை, உறைபனியும் இல்லை, சும்மா ஒரு போர்வை போர்த்திக்கொள்கிற அளவுக்குக் குளிர். அந்த மாதிரி ஒரு மலையடிவாரத்தில் கம்பளிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே எல்லாமே நன்றாக விளையும், புத்தியைத் தவிர. அந்த ஊர்ச் சடையப்பனுக்குக் கல்யாணம் கூடிவருகிற நேரம் பார்த்துத்தான் மணல் ஈயைப் பற்றிப் பேச்சு கிளம்பியது.

பெண், பக்கத்து ஊரான கல்லுமேட்டுத் தங்காயி. சந்தையில் ஒரு தரம் பார்த்ததிலிருந்து சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பா நாச்சிமுத்துவோ கறார்ப் பேர்வழி. "அந்த ஈ கடிச்சா ஆறாத புண்ணு வருதாம், காய்ச்சல் வருதாம். உங்க ஊர்ல மணல் ஈ ஒண்ணுகூட இல்லைன்னு வந்து சொல்லுங்க, அன்னிக்கே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்," என்று சொல்லிவிட்டார்.

நல்லவேளையாக, அந்த ஈயைத் தேடிக்கொண்டு பூச்சி ஆபீசர் ஒருவரே ஊருக்கு வந்தார். சடையப்பனையும் அவன் கூட்டாளிகள் ஒண்டிமுத்து, குழந்தைவேலு இருவரையும் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் குழாயும் சீசாவும் கொடுத்தார். கொசுவைவிடச் சின்னது, மணல் நிறம், உட்கார்ந்தால் இறக்கையைத் தூக்கியே வைத்திருக்கும், கடிப்பது பெண் ஈ மட்டும்தான், சுவர் விரிசலில் தேடுங்கள், குழாயால் உறிஞ்சி உயிரோடு சீசாவில் விடுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். பாவம், அவருக்கு இவர்களைத் தெரியாது.

வேலை சடையப்பன் வீட்டில் ஆரம்பித்தது. பெண்வீட்டார் வருவார்களே என்று அப்போதுதான் பூசி முடித்த சுவர், மருந்துக்குக்கூட விரிசல் இல்லை. விரிசலில்தானே தேடச் சொன்னார்? கடப்பாரையைக் கொண்டுவந்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் நாலு விரிசல் உண்டாக்கினார்கள். சடையப்பனின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால், மாட்டுவாடைக்கு வந்த ஏழெட்டு ஈக்கள் அதில் இறக்கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

குழாயின் வாய்ப்பக்கம் ஒரு துணி கட்டியிருந்தது. அடைத்து வைத்தால் எப்படி உறிஞ்சுவது என்று குழந்தைவேலு அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓர் இழு இழுத்தான். முதல் ஈ நேரே வயிற்றுக்குப் போய்விட்டது. மிச்சத்தை ஒண்டிமுத்து துணியைக் கட்டி ஒழுங்காகவே பிடித்தான், எப்படியோ தப்பித்தவறி.

சீசாவைப் பார்த்ததும் சடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் ஈ இருக்கிறதே, இனித் தங்காயி எங்கே கிடைப்பாள்? ஒண்டிமுத்து தேற்றினான். ஈயை ஊரைவிட்டு அனுப்பிவிட்டால் ஊரில் ஈ ஏது? அதிலும் கடிப்பது பெண் ஈதானே, ஆணை இங்கேயே விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் அனுப்பினால் போதும் என்றான்.

சடையப்பன் மூக்கைச் சிந்தினான். "வேண்டாம்டா. பொண்ணு கிடைக்காம ஒத்தையில கிடக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். ஜோடியாவே போகட்டும்."

"அப்ப என் வயித்துல இருக்கிறது?" என்றான் குழந்தைவேலு.

அதுவும் ஊருக்குள் இருக்கிற ஈதானே! ரொம்ப நேரம் யோசித்து, குழந்தைவேலுவையும் சேர்த்தே எல்லை தாண்டிக் கொண்டுபோவது என்று முடிவானது.

மறுநாள் மூவரும் கல்லுமேட்டுக்குப் போனார்கள். நாச்சிமுத்து மோர் கொடுத்து உட்காரவைத்தார்.

"எங்க ஊர்ல இப்ப மணல் ஈ ஒண்ணுகூட இல்லைங்க, மாமா," என்றான் சடையப்பன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. நாச்சிமுத்துவுக்கும் முகம் மலர்ந்தது. எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டார்.

"எல்லாத்தையும் இங்க கொண்டாந்துட்டோமே!"

நாச்சிமுத்து சீசாவை வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். மாமனாருக்குச் சிரமம் வேண்டாமே என்று சடையப்பன் மூடியைத் திறந்துவிட்டான். ஈக்கள் தத்தித் தத்தி வெளியே வந்து, அவர் வீட்டுச் சுவரில் இறக்கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தன.

கூட்டாளிகள் இருவரும் சுவரை உற்றுப் பார்த்துவிட்டு, சடையப்பனை வாசலுக்கு இழுத்துப்போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்தபோது அவன் முகம் செத்துப்போயிருந்தது. இருந்தாலும் மரியாதை தெரிந்த பையன், கையைக் கூப்பினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க, மாமா. தங்காயின்னா எனக்கு உசுரு. ஆனா உங்க ஊர்ல மணல் ஈ இருக்கு. இங்க பொண்ணெடுக்க எங்க ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க."